ரசத்தில் புளி எத்தனை கிராம்?

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ உள்ள எந்தப் பூக்கடையிலும் இன்று கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டூயிட்நவ் கியூஆர் அட்டை நிற்கிறது. மலேசியாவின் பேநெட் நிறுவனம் 2019இல் கொண்டுவந்த ஏற்பாடு. வாடிக்கையாளர் கைப்பேசியை அட்டைக்கு நேரே பிடிக்கிறார், தொகையைத் தட்டுகிறார், பணம் போய்ச் சேர்கிறது. முதலாளி மாலை கட்டும் கையை நிறுத்துவதுகூட இல்லை.

அதே முதலாளி கடைக்கு ஓர் அகப்பக்கம் வைத்து, அதிலும் பணம் வாங்கலாம் என்று உட்காரட்டும். திரையில் ஒரு பக்கம் விரிகிறது: ஏபிஐ சாவி, கையொப்பச் சாவி, கால்பேக் முகவரி, சாண்ட்பாக்ஸ் முறை. கீழே ‘சேமி’ என்று ஒரு பொத்தான். கை அங்கேயே நின்றுவிடுகிறது. வங்கியும் ரிங்கிட்டும் ஆளும் மாறவில்லை. கல்லாவில் ஓடிய கை கணினியில் ஏன் நிற்கிறது?

‘அவருக்குக் கணினி தெரியாது’ என்பது வழக்கமான பதில். எனக்கு அதில் சம்மதமில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் மல்லிகை விலை எப்படி ஏறும், தைப்பூசத்துக்கு எத்தனை மாலை கட்டி வைக்கலாம், எது வாடி வீணாகும் என்றெல்லாம் தினமும் மனக்கணக்குப் போடும் மனிதர் அவர். முடிவெடுக்கத் தெரியாதவர் அல்ல. திரைதான் அவருக்குத் தெரிந்ததைக் கேட்காமல், அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லாததைக் கேட்கிறது.

இந்தத் திரைகள் எங்கிருந்து வருகின்றன என்று முதலில் பார்ப்போம். உலகின் அகப்பக்கங்களில் பத்துக்கு நான்குக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் 2003இல் தொடங்கியது அது. 2004இல் வந்த 1.2 பதிப்பில் ஒரு வசதியைச் சேர்த்தார்கள்: மூல மென்பொருளைத் தொடாமல், வெளியார் எழுதிய சிறு நிரலை அதில் செருகிக்கொள்ளலாம். பிளகின் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான், தமிழில் செருகுநிரல். கடை நடத்த ஒன்று, படிவத்துக்கு ஒன்று, கூகுளில் தெரிய ஒன்று என்று இன்று அதிகாரப்பூர்வப் பட்டியலில் மட்டும் ஏறத்தாழ 60,000 செருகுநிரல்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் எழுதியவர் வேறு. ஒரு சிறு கடையின் அகப்பக்கத்தில் பதினைந்து செருகுநிரல் இருந்தால், ஒருவரையொருவர் பார்த்தே இராத பதினைந்து பேர் வடிவமைத்த பதினைந்து அமைப்புப் பக்கங்கள் அந்தக் கடைக்காரர் தலையில் விழுகின்றன.

அமைப்பு, அதாவது செட்டிங், என்பது உண்மையில் என்ன? நிரல் எழுதுபவர் வேலையின் நடுவே ஓர் இடத்தில் நிற்கிறார். ‘இப்படிச் செய்வதா, அப்படிச் செய்வதா?’ தானே யோசித்து முடிவெடுக்கலாம். இல்லையென்றால் ஒரு சிறு கட்டத்தைத் திரையில் போட்டு, முடிவைப் பயனர் பக்கம் தள்ளிவிடலாம். தள்ளுவது சுலபம். பாதி அமைப்புகள் அப்படிப் பிறந்தவைதான்.

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பரிமாறுபவர் என்ன கேட்பார்? ‘சைவமா, அசைவமா? மீனா, கோழியா?’ அவ்வளவுதான். ரசத்தில் புளி எத்தனை கிராம், தாளிக்கும் எண்ணெய் எவ்வளவு சூடு என்று கேட்கமாட்டார். நமக்கு மட்டுமே தெரிந்ததை நம்மிடம் கேட்கிறார். சமையலறைக்குத் தெரிந்தது சமையலறையோடு இருந்துவிடுகிறது. நம் செருகுநிரல்களில் பல, இலை போட்டதும் புளிக் கணக்கைத்தான் கேட்கின்றன.

நேர மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் புதிதாக நிறுவிய வேர்ட்பிரஸ், உலகப் பொது நேரத்தில் ஓடத் தொடங்கும். மலேசியா அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. கடைக்காரர் அதை மாற்றாமல் விட்டால், தீபாவளியன்று காலை ஏழு மணிக்கு வந்த ஆர்டர் முந்தின நாள் இரவு பதினொன்று என்று பதிவாகும். அன்றைய விற்பனைக் கணக்கும் நேற்றில் போய் ஒளிந்துகொள்ளும். இதைச் சரிசெய்யும் பட்டியலில் இரண்டு விதமான விடைகள் இருக்கின்றன. ஒன்று ‘யுடிசி+8’ என்ற எண், மற்றொன்று ‘கோலாலம்பூர்’ என்ற ஊர்ப் பெயர். முதல் விடைக்கு ஏதோ ஒன்றைப் படித்திருக்க வேண்டும். இரண்டாவதற்குத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரிந்தால் போதும். அதுமட்டுமல்ல, ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறே உண்டு. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. அதற்கு முன் ஏழரை மணி நேர வித்தியாசம்தான். உலகக் கணினிகள் பகிர்ந்துகொள்ளும் நேர மண்டலத் தரவுத்தளத்துக்கு இது தெரியும். வெறும் +8க்குத் தெரியாது. ஆக, எளிய கேள்விதான் துல்லியமான விடையையும் தருகிறது. எளிமையாக்கினால் துல்லியம் போய்விடும் என்று நிரலாளர்கள் பயப்படுவதுண்டு. இங்கே அந்தப் பயம் தலைகீழாக நிற்கிறது.

இனி அந்தக் கட்டணப் பக்கத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் பொறுமையாக நடக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பயமுறுத்தும் கட்டங்கள் எதுவும் வீணுக்காக வைத்தவை அல்ல.

வாடிக்கையாளர் கடையின் அகப்பக்கத்தில் மாலையைத் தேர்ந்தெடுத்து, எஃப்பிஎக்ஸ் என்ற இணைய வங்கிக் கட்டண முறை வழியாகத் தம் வங்கிக்குப் போகிறார். வங்கியில் பணம் கட்டுகிறார். ‘கட்டியாகிவிட்டது’ என்ற செய்தி கடைக்குத் திரும்பி வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாடிக்கையாளரின் உலாவியே திரும்பக் கடைப் பக்கத்துக்கு வருவது. அவர் நடுவில் திரையை மூடிவிட்டாலோ எல்ஆர்டி சுரங்கத்துக்குள் நுழைந்து இணைப்பு அறுந்தாலோ அந்த வழி போயிற்று. ஆகவே இரண்டாவது வழி: கட்டண நிறுவனத்தின் கணினி, கடையின் கணினியை நேரடியாக அழைத்துச் சொல்கிறது. கால்பேக் முகவரி என்பது இந்த அழைப்பு வந்து சேர வேண்டிய இடம். ஆனால் யார் வேண்டுமானாலும் அந்த முகவரிக்கு ‘பணம் கட்டியாயிற்று’ என்று பொய் சொல்லலாமே? அதற்குத்தான் கையொப்பச் சாவி. இரு கணினிகளுக்கும் மட்டுமே தெரிந்த ஒரு நீண்ட ரகசியத் தொடர் அது. செய்தியையும் ரகசியத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு முத்திரை வரும். ரகசியம் தெரியாதவரால் அந்த முத்திரையை உண்டாக்க முடியாது. ஏபிஐ சாவி எதிர்த்திசைக்கு: கடை கட்டண நிறுவனத்தை அழைக்கும்போது ‘நான் இன்ன கடை’ என்று நிரூபிப்பதற்கு. சாண்ட்பாக்ஸ் என்பது பொய்ப் பணத்தில் ஒத்திகை பார்க்கும் முறை.

கையொப்பச் சாவியை நகலெடுத்து ஒட்டும்போது ஓர் எழுத்து விட்டுப்போனால் என்ன ஆகும்? பணம் கடைக்காரர் கணக்கில் ஏறும். ஆனால் முத்திரை பொருந்தாததால் கடையின் கணினி செய்தியை நம்பாது. ஆர்டர் ‘கட்டணம் நிலுவையில்’ என்றே கிடக்கும். வூகாமர்ஸ் என்ற பரவலான கடைச் செருகுநிரலில், கையிருப்புக் கணக்கு வைத்திருந்தால், கட்டணம் வராத ஆர்டரை 60 நிமிடத்தில் ரத்து செய்வது இயல்பான அமைப்பு. பணம் வாங்கியாகிவிட்டது, ஆர்டர் ரத்து, மாலை கட்டவில்லை, கல்யாண வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. ஒரே ஓர் எழுத்து!

இந்தச் சாவிகள் இல்லாமல் முடியாது என்றால் எளிமைக்கு எங்கே இடம்? சாவிகள் வேண்டும், அவற்றை ஒரு மனிதர் கையால் சுமந்துபோக வேண்டும் என்பதில்லை. ஒரே பொத்தான் போதும்: ‘என் கட்டணக் கணக்கோடு இணை.’ அழுத்தினால் கட்டண நிறுவனத்தின் பக்கம் திறக்கும். வழக்கமான கடவுச்சொல்லோடு நுழைந்து ‘சம்மதம்’ என்றால், இரு கணினிகளும் சாவிகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும். கால்பேக் முகவரியும் தானே பதிவாகும். உலக அளவில் பெரிய கட்டணச் செருகுநிரல்கள் பல இப்படித்தான் நடக்கின்றன. இதில் பாதுகாப்பும் கூடுதல். கடைக்காரர் சாவியைப் படம்பிடித்து, ‘தம்பி, இதை எங்கே போடுவது?’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டிய நிலை வராது.

தானாக முடியாதவற்றுக்கு இயல்பிருப்பு துணை நிற்கும். டிஃபால்ட் என்று சொல்வார்கள். யாரும் கைவைக்காவிட்டால் எந்த நிலையில் இருக்குமோ அது. இதன் பலத்தை நாம் குறைத்து எடைபோடுகிறோம். ஜாரட் ஸ்பூல் என்ற அமெரிக்கப் பயன்பாட்டு ஆய்வாளர், மைக்ரோசாஃப்ட் வேர்ட் பயன்படுத்துவோரிடம் அவர்கள் கணினியில் இருக்கும் அமைப்புக் கோப்பை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தார். எதையாவது மாற்றியிருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. அப்போதைய வேர்டில் தானாகச் சேமிக்கும் வசதி அணைந்த நிலையில் வந்தது. ‘ஏன் மாற்றவில்லை?’ என்று கேட்டபோது, ‘செய்தவர்கள் ஏதோ காரணத்தோடுதான் அப்படி வைத்திருப்பார்கள்’ என்றார்களாம். உண்மையான காரணத்தை ஸ்பூல் பிறகு தெரிந்துகொண்டார்: கோப்பை முதலில் எழுதிய நிரலாளர், பிறகு யாராவது சரியான மதிப்பைப் போடுவார்கள் என்று நினைத்து எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டிருந்தார். யாரும் போடவில்லை. அந்தப் பூஜ்யத்தை அறிவுரை என்று நம்பிப் பல லட்சம் பேர் நடந்தார்கள்.

மென்பொருளுக்கு வெளியேயும் இதே கதைதான். எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டைன் இருவரும் 2003இல் ‘சயின்ஸ்’ இதழில் உடலுறுப்புக் கொடை பற்றி எழுதினார்கள். விரும்புபவர் பதிவு செய்ய வேண்டிய ஜெர்மனியில் சம்மதித்தவர்கள் 12 சதவீதம். விரும்பாதவர் விலக வேண்டிய ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். அண்டை நாடுகள், ஒரே மொழி, வேறுபாடு படிவத்தில். செருகுநிரல் எழுதுபவர் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விடும்போது, பயனர்களில் பெரும்பாலோருக்காக அவர் முடிவெடுத்துவிட்டார் என்றுதான் பொருள்.

கேள்வியின் சொற்களும் இதே அளவு முக்கியம். தேடுபொறிகளில் பக்கங்கள் தெரிய உதவும் யோஸ்ட் என்ற செருகுநிரலில் முன்பு ‘நோஇண்டெக்ஸ்’ என்று ஓர் அமைப்பு இருந்தது. இயக்கினால் மறைக்கும், அணைத்தால் காட்டும். தலை சுற்றும் எதிர்மறை. 2018 மார்ச்சில் வந்த 7.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டு, ‘இவற்றைத் தேடல் முடிவுகளில் காட்டவா?’ என்று கேட்டார்கள். பின்னால் நடக்கும் வேலை பழையதுதான், கேள்வி மட்டும் மனிதர் கேட்பதாகிவிட்டது. ஆனால் அதே பதிப்பு ஓர் எச்சரிக்கையையும் விட்டுச்சென்றது. படங்களுக்கான தனிப் பக்கங்களைப் பற்றிய இன்னோர் அமைப்பு பழைய வடிவிலிருந்து புதியதற்கு மாறும்போது, ஒரு பிழையால் சில தளங்களில் தலைகீழாக விழுந்துவிட்டது. உள்ளடக்கமே இல்லாத வெற்றுப் பக்கங்கள் கூகுளில் ஏறின. நிறுவனர் யோஸ்ட் டி வால்க் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். எளிமையாக்குவது வண்ணம் பூசும் வேலை அல்ல. உள்ளே கம்பியை மாற்றும் வேலை.

அப்படியானால் எல்லா அமைப்புகளையும் ஒழித்துவிடலாமா? இதற்குப் பதில் நம் தமிழ்க் கணிமை வரலாற்றிலேயே இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: தளத்துக்கு ஓர் எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியேற்றம், அதாவது எழுத்தைக் கணினிக்குள் எண்ணாகக் குறிக்கும் முறை. டிஸ்கி, டாப், டாம் என்று பலவகை. உலாவியின் பட்டியலில் நுழைந்து ‘யூசர் டிஃபைண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை மாற்றினால்தான் பூச்சி பூச்சியான எழுத்துகள் தமிழாகும். 1999இல் சென்னையிலும் 2001இல் கோலாலம்பூரிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகளில் அறிஞர்கள் இதைப் பற்றி விவாதித்தார்கள். எல்லோருக்கும் பொதுவான யுனிகோட் குறியேற்றம் பரவியதும் அந்த அமைப்பு எளிதாகவில்லை, காணாமலே போயிற்று. இன்று தமிழ்ப் பக்கத்தைத் திறக்கும் யாரும் குறியேற்றத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை.

மற்றொரு தேர்வு மட்டும் போகவில்லை. கோலாலம்பூரின் முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்துவரும் முரசு அஞ்சலிலும், 2005இல் கைப்பேசிக்கு வந்த செல்லினத்திலும், விசைமுகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம்: ஒலிப்பு முறையில் தட்டும் அஞ்சல், அல்லது தமிழ்99. இந்தத் தேர்வை எடுத்துவிட முடியாது, எடுக்கவும் கூடாது. விரல்கள் உண்மையிலேயே இரண்டு விதமாகப் பழகியிருக்கின்றன. குறியேற்றத்தில் இருந்த வேறுபாடு இயந்திரங்களுக்கிடையே. விசைமுகத்தில் இருப்பது மனிதர்களுக்கிடையே. அமைப்பு எங்கே இருக்கலாம், எங்கே கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கோடு எனக்குக் கிடைக்கவில்லை.

மலேசியாவில் வரியும் எடுத்துவிட முடியாத ஓர் அமைப்பு. ஜிஎஸ்டி 2015 ஏப்ரல் 1இல் 6 சதவீதமாக வந்தது. 2018 ஜூன் 1இல் பூஜ்யமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1இல் விற்பனை, சேவை வரி திரும்பியது. 2024 மார்ச்சில் சேவை வரி 8 சதவீதமாக உயர்ந்தது, ஆனால் உணவகங்களுக்கு 6 சதவீதமே தொடர்ந்தது. இதை நிரலுக்குள் ஆணியடித்து வைத்தவர் ஒவ்வொரு முறையும் பிடுங்க வேண்டியிருந்திருக்கும். ஆகவே அமைப்பு வேண்டும். ஆனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது ‘வரி வகுப்பு எது?’ என்றல்ல. ‘நீங்கள் சேவை வரிக்குப் பதிவு செய்தவரா?’ என்பதுதான். ஆண்டு விற்றுமுதல் 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாத உணவகம் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. அங்கே ‘இல்லை’ என்ற ஒரு சொல்லில் முழுப் பக்கமும் மடங்கிவிட வேண்டும்.

தேவைப்படும்போது மட்டும் அடுத்த கட்டத்தைக் காட்டும் இந்த முறையைப் படிப்படித் திறப்பு என்று சொல்லலாம். இது வெறும் ஊகம் அல்ல. ஐபிஎம்மில் ஜான் கேரலும் கரோலின் காரிதர்ஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் எழுத்துச் செயலியின் மேம்பட்ட வசதிகளைப் புதியவர்களுக்கு மட்டும் பூட்டி வைத்தார்கள். பூட்டிய பதிப்பில் பழகியவர்கள் வேகமாகக் கற்றார்கள், தவறிலிருந்து மீளச் செலவழித்த நேரமும் குறைந்தது.

ஒரு திரை எளிதா என்பதை அதைச் செய்தவரிடம் கேட்டுப் பயனில்லை. அவருக்கு எல்லாம் தெரியும். பயனரிடம் ‘எளிதா?’ என்று கேட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். அருகில் உட்கார்ந்து, வாய்விட்டு யோசிக்கச் சொல்லி, குறுக்கிடாமல் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸே இதை அனுபவத்தில் கற்றது. 2008 மார்ச்சில் 2.5 பதிப்புக்குப் புது முகப்பு போட்டார்கள், பயனர்கள் முணுமுணுத்தார்கள். பால் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்களைக் கொண்டு, கண்ணசைவைப் பதியும் கருவியோடு பயனர்களைச் சோதித்தார்கள். அதன்பின் அந்த ஆண்டு டிசம்பரில் வந்த 2.7 பதிப்பில் பட்டியல் மேலிருந்து இடப்பக்கம் நகர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

எத்தனை பேரைச் சோதிப்பது? ஐந்து பேர் பெரும்பாலான சிக்கல்களைக் காட்டிவிடுவார்கள் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சனின் புகழ்பெற்ற கணக்கு. பெரிய தளங்களில் ஐந்து போதாது என்று மறுத்தவர்களில் ஸ்பூலும் ஒருவர். ஓர் அமைப்புப் பக்கத்துக்கு ஐந்து பேர் தாராளம் என்பது என் கட்சி. பலர் ஒருவரைக்கூட உட்காரவைத்துப் பார்ப்பதில்லை.

பார்த்திருந்தால் ஒன்றையாவது உடனே கண்டுபிடித்திருப்பார்கள். வூகாமர்ஸின் வழக்கமான கட்டணப் படிவம் முதற்பெயரையும் கடைசிப் பெயரையும் தனித்தனியே, இரண்டையும் கட்டாயமாகக் கேட்கிறது. மலேசியத் தமிழரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் தம் பெயர், நடுவே ‘மகன்’ என்பதற்கு ஏ/எல் அல்லது ‘மகள்’ என்பதற்கு ஏ/பி, பிறகு தந்தை பெயர். மலாய்க்காரருக்கு ‘பின்’, ‘பிந்தி’. சிலர் கடைசிப் பெயரில் ஒரு புள்ளியை வைத்துத் தப்பிக்கிறார்கள், சிலர் தந்தை பெயரைப் போடுகிறார்கள். பார்சல் அப்பாவின் பெயரில் வருகிறது. இது தேவையில்லாத அமைப்பு அல்ல, வேண்டிய இடத்தில் இல்லாமல் போன அமைப்பு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறு கடைகளுக்கு அகப்பக்கம் கட்டித்தரும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தளத்தை ஒப்படைக்கும் முன் அந்த இரண்டு பெயர்க் கட்டங்களை எடுத்துவிட்டு, ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் வையுங்கள். அதில் சாய்கோட்டையும் அனுமதியுங்கள். நேர மண்டலத்தைக் கோலாலம்பூர் என்று மாற்றுங்கள். சாண்ட்பாக்ஸை அணைத்துவிட்டு, ஒரு ரிங்கிட் உண்மையான பணம் கட்டி, ஆர்டர் நிலை மாறுகிறதா என்று முதலாளியின் கண் முன்னாலேயே பாருங்கள். பிறகு கணினியை அவர் கையில் கொடுத்து, ஒரு மாலையின் விலையை மாற்றச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் திருத்தாமல் கட்டணச் சீட்டு நீட்டாதீர்கள்.